குதிக்காத தவளை

மழை பிடித்து அன்றோடு மூன்றாவது நாள். பள்ளிக்கூடத்துக்கும் மூன்றாவது நாளாக விடுமுறை. விடிந்ததும் அறிவிப்பாளர் ஜன்னலைத் திறந்து, வானம் ஒரு மூலையிலாவது வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. வேண்டாத விருந்தாளியைக் கண்டவர் போல மெதுவாகச் சாத்திவிட்டார். மெதுவாக என்றால், கொக்கி விழும் சத்தம்கூட வராதபடி விரலை நடுவில் கொடுத்து.

அறிவிப்பாளர் என்றால் ரேடியோவிலோ டிவியிலோ அல்ல, பஸ் நிலையத்தில். சாயங்காலம் ஐந்து மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்தால் இரவு பதினோரு மணி வரை எந்தப் பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது, யாருடைய பை எங்கே கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பது அவர் வேலை. "இவருக்கு எதுக்கு மைக்கு? கரண்ட் தண்டம்" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டைக்காரர் தம் சொந்த வீட்டில் பகல் முழுக்கக் குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டிருந்தார். காரணம், கீழ்வீடு.

கீழ்வீட்டில் இருந்தவர் ரொட்டிக்காரர். பெரிய பேக்கரி ஒன்றில் மாவு பிசையும் மிஷினைப் பார்த்துக்கொள்கிறவர். ஒண்டிக்கட்டை. இரவு பத்து மணிக்குப் போனால் விடியற்காலையில் திரும்புவார். அவர் பிசைந்த மாவு ரொட்டியாகி ஊரார் வாயில் போகிற நேரத்தில் அவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை அவருக்கு ராத்திரி. அவருக்கு மேலே, முதல் மாடியில், அறிவிப்பாளர் குடும்பம். அதற்கும் மேலே, இரண்டாம் மாடியில், வீட்டுக்காரம்மா.

அறிவிப்பாளருக்குக் குழந்தைகள் மூன்று. மூத்தவளுக்கு ஏழு வயது. பல் தேய்க்கச் சொன்னால்கூட எதிர்க்கேள்வி வைத்திருப்பாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் 'வக்கீல்'. நடுவுள்ளவனுக்கு ஐந்து வயது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவன் நடந்ததே இல்லை, குதித்துத்தான் போவான். அவன் 'தவளை'. கடைசியாக மூன்று வயதுப் பெண் ஒன்று, 'உருண்டை'. ஏன் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

குடிவந்த புதிதில் ஒரு மழை நாளில் தவளை கட்டிலிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து நாற்காலிக்குமாகத் தாவிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ரொட்டிக்காரர் துடைப்பக் கட்டையால் தம் வீட்டு மேல்தளத்தைத் 'தும் தும்' என்று இடித்தார். அன்று பிடித்த சனியன்தான். அதற்கப்புறம் மழை பெய்த பகலெல்லாம் அந்தத் 'தும் தும்' தவறாமல் வந்தது. எவ்வளவு அடக்கி வைத்தாலும் வந்தது. அது போதாதென்று ரொட்டிக்காரர் இரண்டு தடவை மேலே ஏறிப் போய் வீட்டுக்காரம்மாவிடம் புகாரும் சொல்லிவிட்டு வந்தார்.

போன வாரம் வீட்டுக்காரம்மா படியில் அறிவிப்பாளரை நிறுத்தினார். "தம்பி, நான் கெட்டவ இல்ல. ஆனா மனுஷன் தூக்கமில்லாம அலையறாரு. இன்னொரு தடவை அவர் புகார்னு படியேறி வந்தா, மாசக் கடைசிக்குள்ள நீங்க வேற இடம் பாத்துக்கங்க. வருத்தப்படாதீங்க."

நாலு வருஷத்தில் இது அவர்களுக்கு நாலாவது வீடு. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அறிவிப்பாளர் மனைவி வேலை செய்கிற மருந்துக்கடை நடக்கிற தூரம். தண்ணீர் தட்டில்லாமல் வருகிறது. இப்படி ஒரு வீடு மறுபடி அமைய வேண்டுமென்றால் தவமிருக்க வேண்டும்.

"நாலு மணி வரைக்கும்தானேங்க, சமாளிங்க" என்றாள் மனைவி, அன்று காலை வேலைக்குக் கிளம்பி வாசலில் குடையை விரித்தபடி.

"எட்டரைல இருந்து நாலு வரைக்கும் நானூத்தம்பது நிமிஷம்" என்றார் அவர்.

"நீங்க நிமிஷத்தை எண்ணிட்டு இருங்க. அவன் எங்க நிக்கறான்னு பாருங்க."

தவளை நாற்காலியின் கைப்பிடி மேல் நின்று இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். அறிவிப்பாளர் பாய்ந்து போய் அவனைக் காற்றிலேயே பிடித்தார்.

அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். முதல்நாள் ராத்திரியே ஒரு தாளில் கோடு போட்டு, பஸ் அட்டவணை மாதிரி, அரைமணிக்கு ஒரு விளையாட்டு என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். வக்கீல் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

"இதுல ஒண்ணுக்குப் போற நேரம் எங்கப்பா?"

"அது எப்ப வேணா போலாம்."

"அப்ப எழுதணும்ல? எழுதலைன்னா போகக் கூடாதுன்னு ஆயிடும்."

அவர் பென்சிலை எடுத்து அடியில் எழுதினார். எழுதி முடிப்பதற்குள் உருண்டைக்கு அந்த நேரம் வந்துவிட்டது.

முதல் விளையாட்டு, பயறு பிரிப்பது. ஒரு தட்டில் மொச்சையும் கடலையும் கலந்து வைத்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம். பாத்திரம் என்றால் சத்தம் வரும். கிண்ணத்துக்குள்ளும் துணி போட்டு வைத்திருந்தார். பத்து நிமிஷம் வீட்டில் மூச்சுக் காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. 'அட, இவ்வளவுதானா?' என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, உருண்டை ஒரு கடலையை மூக்குக்குள் வைத்துக்கொண்டு, "அப்பா, காணோம்" என்றாள். அவர் அவள் மற்ற மூக்குத் துவாரத்தை அழுத்தி ஊதச் சொன்னார். கடலை துப்பாக்கிக் குண்டு மாதிரி வந்து விழுந்தது. அப்பாடா என்று அவர் பின்னால் சாய்ந்தபோது முழங்கை தட்டில் பட்டது.

அரைக் கிலோ பயறு தரையில் கொட்டி உருண்டால் என்ன சத்தம் வரும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் யோசிக்கவில்லை. உருண்டோடுகிற கடலைகளின் மேல் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். குழந்தைகளும் அதுதான் அடுத்த விளையாட்டு என்று நினைத்து ஆளுக்கொரு பக்கம் படுத்தார்கள். நாலு பேரும் தரையில் காதை வைத்துக் கேட்டார்கள். கீழே ஒன்றுமில்லை. மழை மட்டும்.

"தூங்கறாரு" என்று தவளை உதட்டை மட்டும் அசைத்தான்.

அடுத்தது சிலை விளையாட்டு. யார் முதலில் அசைகிறார்களோ அவர்கள் அவுட். கண் சிமிட்டினால் அசைந்த கணக்கா இல்லையா என்று வக்கீல் ஒரு கால்மணி நேரம் வாதாடியதில் விளையாடாமலேயே அந்த அரைமணி கழிந்தது. அறிவிப்பாளருக்கு அது லாபம்தான்.

பதினோரு மணிக்கு அவர் தம் துருப்புச் சீட்டை இறக்கினார். நாலு நாற்காலிகளின் பதினாறு கால்களுக்கும் பழைய காலுறைகளை மாட்டி, வரிசையாக நிறுத்தினார். தரையில் இழுத்தால் பூனை நடப்பது போலத்தான் இருந்தது. தவளை டிரைவர். வக்கீல் பயணி. உருண்டை கண்டக்டர், விசிலுக்குப் பதிலாக டிரைவரின் முதுகில் தட்ட வேண்டும். அறிவிப்பாளர் வாயருகே கரண்டியைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாகச் சொல்கிற குரலில் ஆரம்பித்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்துக்கு. சமையலறையில் இருந்து புறப்பட்டு, பீரோ வழியாக, கட்டிலடி வரை செல்லும் பேருந்து..."

மூன்று குழந்தைகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சத்தமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு சிரித்திருக்க மாட்டார்கள். தவளை இரண்டு காலையும் நீட்டி, கண்ணைச் சுருக்கி, ஒரு தட்டை ஸ்டியரிங்காகத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து அறிவிப்பாளர் பார்த்ததே இல்லை. மணி பதினொன்றரை. கிட்டத்தட்டப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று அவர் நினைத்தார்.

தும்.

தும்... தும்... தும் தும் தும் தும்.

சுவர் அதிர்ந்தது. தரையும் அதிர்ந்த மாதிரி இருந்தது. அறிவிப்பாளரின் கையிலிருந்த கரண்டி தானாகக் கீழே இறங்கியது.

"டேய், என்னடா செஞ்ச?" என்றார், கத்த முடியாத குரலில் கத்தி.

"நான் ஓட்டிட்டுத்தானேப்பா இருக்கேன்."

"காலைத் தட்டினியா?"

தவளை யோசித்தான். அவனுக்குப் பொய் வராது. "பிரேக் போட்டேன். மெதுவாத்தான் போட்டேன்."

அதுதான். பிரேக்! அந்தத் தும் தும் விடாமல் வந்துகொண்டேயிருந்தது. அந்தக் கட்டையடி ஒவ்வொன்றும் 'காலி பண்ணு, காலி பண்ணு' என்று சொல்வதாக அவருக்குக் கேட்டது. அவர் ஒரு தலையணை உறையை உருவி எடுத்து, தவளையின் இரண்டு கால்களையும் அதற்குள் விட்டு, இடுப்பில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டார்.

"இப்ப இவன் தவளை இல்ல, மீன்" என்றாள் வக்கீல்.

தவளை அழுதான். ஆனால் சத்தம் வரவில்லை. வாய் கோணியது, கண்ணீர் இறங்கியது, அவ்வளவுதான். அந்த வீட்டில் அவன் சத்தமில்லாமல் அழவும் பழகியிருந்தான். அதைப் பார்க்க அறிவிப்பாளருக்கு என்னவோ செய்தது. ஆனாலும் அவர் முடிச்சை அவிழ்க்கவில்லை.

அரைமணி நேரம் கழித்து அந்த இடி நின்றது. சாப்பாடு முடிந்தது. உருண்டை மெத்தையில் படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். வக்கீல் ஜன்னலோரம் படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். தவளை உறைக்குள்ளேயே உட்கார்ந்து விரலால் தரையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒன்றரை மணி. குண்டூசி விழுந்தால் கேட்கும்.

தும். தும். தும் தும் தும்.

இந்தத் தடவை அறிவிப்பாளருக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. ஒருத்தரும் மூச்சுக்கூட விடவில்லை, இதற்கும் இடித்தால் என்ன நியாயம்? 'இந்தாளு தூங்கவே மாட்டானா? கட்டையும் கையுமாத்தான் படுத்திருப்பானா?' கீழே போய்க் கேட்டுவிடுவது என்று எழுந்தார். அவர் கதவருகே போவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. கூடவே படியில் காலடிச் சத்தம். ஏறி வருகிற காலடி. கதவு தட்டப்பட்டது.

கோபம் போன இடம் தெரியவில்லை. இதுதான் அந்த 'இன்னொரு தடவை'. அவர் கதவைத் திறந்தார்.

ரொட்டிக்காரர் நின்றார். கண்கள் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தன. கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு. இரண்டு காதிலும் பஞ்சு. ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"சார், நான் நேரா மேலதான் போறதா வந்தேன். வழியில உங்க கதவு. மனுஷனுக்கு மனுஷன் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு நின்னேன். உங்களுக்கு என் மேல என்ன கோவம்?"

"கோவமா? எனக்கா?"

"முந்தாநேத்து ரெண்டு மணி நேரம் தூங்கினேன். நேத்து அதுவும் இல்ல. ராத்திரி மிஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே கண்ணு சொருகுது. அது மாவு, கைன்னு பார்க்காது சார், உள்ள போனா பிசைஞ்சுடும். பசங்க விளையாடட்டும், வேணாங்கல. அதுக்காக..." பேசிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவர் நிறுத்திவிட்டார். தூங்குகிற உருண்டை, புத்தகத்தோடு வக்கீல், இடுப்புவரை உறையில் தவளை.

"அவனை ஏன் மூட்டை கட்டி வச்சிருக்கீங்க?"

"மூட்டை இல்லீங்க, தலையணை உறை. குதிக்காம இருக்கறதுக்கு."

"எப்ப கட்டினீங்க?"

"பதினொன்னரைக்கு."

"அப்ப இப்ப குதிச்சது யாரு?"

"யாருமே குதிக்கலைங்க. நீங்கதான் கட்டையால இடிச்சீங்க."

"நானா?" ரொட்டிக்காரர் அடுத்த காதுப் பஞ்சையும் எடுத்தார். "நான் இடிச்சது ஒரே ஒரு நாள். நீங்க வந்த புதுசுல. அதுக்கே காரை பெயர்ந்து கண்ணுல விழுந்து ரெண்டு நாள் கண்ணைத் திறக்க முடியல. அதோட அந்தக் கட்டையைக் கையால தொடல. நீங்க என்ன, தினமும் இடிச்சேங்கறீங்க?"

"தினமும் இல்ல. மழை பெஞ்சா."

"அதைத்தான் நானும் சொல்றேன். மழை பெஞ்சா உங்க பசங்க..."

தும். தும். தும் தும் தும் தும்.

அறிவிப்பாளர் ரொட்டிக்காரரின் கைகளைப் பார்த்தார். இரண்டு கையிலும் பஞ்சு, கட்டை இல்லை. ரொட்டிக்காரர் தவளையின் கால்களைப் பார்த்தார். உறை அசையவில்லை. தும் தும் தும் தும் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தவளை தன் கால்களைத் தானே ஒருமுறை சந்தேகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

வக்கீல் புத்தகத்தை மூடினாள். "இவனும் இல்ல. மாமாவும் இல்ல. ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

இரண்டு பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை மாதமாக, மேலேயிருந்து குழந்தைகள் குதிக்கிறார்கள் என்று ஒருத்தர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து கட்டையால் இடிக்கிறார் என்று ஒருத்தர் நடுங்கிக்கொண்டிருந்தார். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒருத்தராவது கேட்டுப் பார்க்கவில்லை. மனசு கை காட்டின பக்கம்தான் காதும் போயிருக்கிறது.

அறிவிப்பாளர் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தார். அவசரத்தில் அது இன்னும் இறுகியது. ரொட்டிக்காரரும் குனிந்து, மாவுப் பை கட்டி அவிழ்த்துப் பழகிய விரல்களால் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டார்.

"தப்பு அப்பா மேலடா" என்றார் அறிவிப்பாளர்.

"நான் பிரேக்கு மெதுவாத்தான் போட்டேன்."

"ஆமாடா கண்ணா. மெதுவாத்தான் போட்ட."

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது எந்த அட்டவணையிலும் இல்லாத விளையாட்டு. ரொட்டிக்காரர் ஒரு டம்ளர் கேட்டார். அதன் வாயைச் சுவரில் வைத்து, அடியில் காதை வைத்துக் கேட்டார். உடனே வக்கீலுக்கும் தவளைக்கும் ஆளுக்கொரு டம்ளர் வேண்டியதாயிற்று. மூன்று பேரும் டாக்டர்கள் மாதிரி சுவர் சுவராக வைத்துப் பார்த்தார்கள்.

"இங்க கம்மி" என்றான் தவளை.

"பீரோ பக்கம் ஒண்ணுமே இல்ல" என்றாள் வக்கீல்.

சமையலறை மூலையில் கீழிருந்து மேலாக ஒரு தூண் சுவரோடு சுவராக ஓடியது. அதில் டம்ளரை வைத்த ரொட்டிக்காரர் சுட்டது போல காதை எடுத்துவிட்டார். பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சார், இது மிஷினு. பாருங்க, ஒரே தாளம். எங்க பேக்கரியில மாவு ஒரு பக்கமா ஒதுங்கிட்டா மிஷின் இப்படித்தான் ஆடும். இந்தத் தூண் நேரா என் கட்டில் தலைமாட்டுக்கு இறங்குது."

"உங்க வீட்டுல மிஷின் இருக்கா மாமா?" என்றாள் வக்கீல்.

"மிக்சிகூடக் கிடையாது பாப்பா."

"எங்க வீட்டுலயும் இப்ப எதுவும் ஓடல. அப்ப மேலதான்."

அறிவிப்பாளர் தூங்குகிற உருண்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். டம்ளர்களோடு எல்லோரும் படியேறினார்கள்.

வீட்டுக்காரம்மாவின் கதவு திறந்தே இருந்தது. கூப்பிட்டதற்குப் பதிலில்லை. பின்பக்கத்து பால்கனியில் அவர், அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிற கன்றுக்குட்டியைப் பிடிப்பவர் மாதிரி, ஒரு வாஷிங் மிஷினை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அது துள்ளியது. துள்ளித் துள்ளித் தன் தோளால் மூலைத் தூணை இடித்தது. தும் தும் தும் தும்.

ரொட்டிக்காரரைக் கண்டதும் வீட்டுக்காரம்மாவின் முகம் கடுத்தது. "மறுபடியும் புகாரா? கொஞ்சம் இருங்க, இது நிக்கட்டும். நீங்க பேசறது ஒண்ணுமே காதுல விழல!" என்று கத்தினார்.

ரொட்டிக்காரர் எட்டி சுவிட்சை அணைத்தார். மழைச் சத்தம் திரும்பி வந்தது.

"இதுதாம்மா புகார்" என்றார்.

வீட்டுக்காரம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. தவளை கையிலிருந்த டம்ளரைத் தூணில் வைத்துக் காட்டினான். அறிவிப்பாளர் தூணைக் காட்டினார், கீழே காட்டினார்.

"ஏம்மா, மழை பெஞ்சா மட்டும் ஏன்?" என்று கேட்டார்.

"வெயிலடிச்சா அலசினதை அப்படியே கொடியில போட்டுடுவேன் தம்பி. மழைன்னா காயாதே. பிழியற பட்டனை ரெண்டு தடவை, மூணு தடவை அமுத்துவேன். இன்னைக்குப் போர்வை வேற." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அவர் கண் அறிவிப்பாளரின் காலுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற தவளையிடம் போனது. "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சே. இந்தப் பச்சப் புள்ளையவா சொன்னேன்?" பிறகு குரலைச் சற்று உயர்த்தினார். "ஏன் இதை யாருமே எங்கிட்ட வந்து சொல்லல?"

"உங்ககிட்டதாம்மா ரெண்டு தடவை வந்து சொன்னேன்."

"நீங்க பசங்கன்னு சொன்னீங்க."

"நீங்களும் ஆமான்னீங்க."

மூன்று பெரியவர்களும் மிஷினைப் பார்த்தார்கள்.

ரொட்டிக்காரர் தோள் துண்டை இடுப்பில் கட்டினார். மூடியைத் திறந்தார். நனைந்த போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டு, கல் மூட்டை மாதிரி கிடந்தது. அதை உதறி வட்டமாகப் பரப்பினார். மிஷினைத் தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி இழுத்தார். ஒரு கால் தரையில் படாமல் நின்றது. அதற்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினார். பிறகு தவளையின் டம்ளரை வாங்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மிஷின் தலைமேல் வைத்தார்.

"தண்ணி சிந்தினா சொல்லு" என்றார் அவனிடம்.

சுவிட்சைப் போட்டார். மிஷின் ஒருமுறை முக்கியது, பிறகு 'உர்ர்ர்' என்று ஒரே சீராகச் சுற்ற ஆரம்பித்தது. டம்ளரில் தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது, சிந்தவில்லை. தவளை மூக்கு தண்ணீரில் படுமளவுக்கு எக்கிப் பார்த்துக்கொண்டேயிருந்தான். மிஷின் நின்ற பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அறிவிப்பாளருக்குக் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. ஊருக்கே அறிவிக்கிற மனிதர், அதைக் கேட்க இரண்டு தடவை கனைக்க வேண்டியிருந்தது.

"அம்மா, அந்த மாசக் கடைசி..."

"எந்த மாசக் கடைசி?" என்றார் வீட்டுக்காரம்மா, கண்ணைச் சிமிட்டாமல். "நான் ஒண்ணும் சொல்லலையே."

ரொட்டிக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. அறிவிப்பாளர் தம் பஸ் நிலையக் குரலில் சிரித்ததில் தோளில் கிடந்த உருண்டை விழித்துக்கொண்டு, "அப்பா, சத்தம் போடாதே" என்றாள்.

இறங்கி வரும்போது ரொட்டிக்காரர் அறிவிப்பாளர் வீட்டு வாசலில் நின்றார். "பசங்க சத்தமெல்லாம் ஒரு சத்தமா சார்? குதிக்கும், களைச்சுப் போய் உக்காந்துடும். ஒரு புள்ள அரைமணி நேரம் ஒரே தாளத்துல குதிக்குமா? எனக்கே தோணியிருக்கணும். தூங்காத மண்டைக்கு என்ன தோணும்?" கொட்டாவி விட்டார். "நாலு மணி வரைக்கும் பார்த்துக்கங்க. அப்புறம் யானையைக்கூடக் கட்டி வளத்துக்கங்க." தட்டுத் தடுமாறிப் படியிறங்கிப் போனார். கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அறிவிப்பாளர் மெத்தையில் உட்கார்ந்தார். பல நாளாகத் தலைமேல் சுமந்த மூட்டையை யாரோ வாங்கி வைத்த மாதிரி கழுத்து லேசாக இருந்தது. தவளை வந்து ஒட்டி உட்கார்ந்தான்.

"அப்பா, நாலு மணிக்குக் குதிக்கலாமா?"

"குதிக்கலாம்."

"குதிச்சா நம்மள வீட்டை விட்டு அனுப்பிட மாட்டாங்களா?"

"யாருடா உனக்கு அப்படிச் சொன்னது?"

"அக்கா."

"அம்மா உங்ககிட்ட சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்றாள் வக்கீல் அவசரமாக.

"போன வீட்டையும் நான் குதிச்சுத்தானேப்பா விட்டு வந்தோம்?" என்றான் தவளை.

அறிவிப்பாளர் அவன் தலையைத் தம் மேல் சாய்த்துக்கொண்டார். "அந்த வீட்டுல தண்ணி வரலைடா" என்றார். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அந்தப் பையன் இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறான் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கரித்தது. "யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க. நம்ம வீடு இது" என்றார். வாடகை வீடுதான். ஆனாலும் அப்படித்தான் சொல்லத் தோன்றியது.

நாலேகாலுக்கு மனைவி வந்தாள். அவர் வேலைக்குக் கிளம்பி, சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். அவள் வாசற்படியிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஆரம்பித்தாள்.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஒரு வீடு பார்த்துட்டு வந்தேன். மூணாவது மாடி. ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுச் சுவர்ல மூக்கு இடிக்குது. பாத்ரூம் பொது. இருந்தாலும் கீழ்வீட்டுல காது கேக்காத பெரியவர் ஒருத்தர்தான் இருக்காராம். சாயங்காலத்துக்குள்ள புரோக்கருக்கு சரின்னு சொல்லணும். அவங்க வாயால போன்னு சொல்றதுக்கு முன்னாடி நாமளே..."

"வேண்டாம்" என்றார் அறிவிப்பாளர். "அது மிஷினு."

"எது?"

மூன்று குழந்தைகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டம்ளர் முதலில் வந்தது, போர்வை நடுவில் வந்தது, மாமாவின் பஞ்சு கடைசியில் வந்தது. அறிவிப்பாளர் ஒழுங்கு பண்ணிச் சொல்லப் பார்த்தார். அவருக்கும் முன்னுக்குப் பின்தான் வந்தது. அவள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். கடைசியில் விளங்கியதும் குடையை வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஒரே ஈரக் கைக்குட்டையால் துடைத்தாள். பிறகு பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"அண்ணே, அந்த வீடு வேண்டாண்ணே... இல்லண்ணே, இதுலயே இருந்துக்கறோம்..."

அறைக்குள் தவளை கட்டில்மேல் ஏறி நின்றான். தரையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அறிவிப்பாளர் தலையசைத்தார்.

வீடே அதிர்ந்தது.

"என்னம்மா அது, என்னமோ விழுந்துச்சே?" என்று ஃபோனில் புரோக்கர் கேட்டது வெளியிலும் கேட்டது.

"ஒண்ணுமில்லண்ணே. எங்க பையன் குதிக்கிறான்" என்றாள் அவள். ஃபோனை வைத்துவிட்டு, குனிந்து, ஈரச் செருப்பைக் கழற்றினாள்.